கோகிலா நின்ற பத்து நிமிடம்

ஆகஸ்ட் 3, திங்கள்

இது மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஏழு மாதமாக மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று தச்சர் வந்து மேசையைச் சரிசெய்துவிட்டதால் இதற்கு வேலை போய்விட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை. முதல் பக்கத்தில் இருந்த கட்டங்களை நிரப்பினேன். பெயர்: சுகுணா. தொழில்: பிசியோதெரபி. முகவரி: பொள்ளாச்சி, இஸ்மாயில் பாய் மெடிக்கல்ஸ் மாடி. ரத்தப் பிரிவு தெரியும், ஷூ அளவு தெரியவில்லை.

இன்று ஒன்பது பேர் வந்தார்கள். புதிதாக வந்தது ஒருத்திதான். கோகிலவாணி, இருபத்தாறு வயது. கடைவீதியில் இருக்கும் பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனைப் பெண். மேல் அடுக்கிலிருந்து சேலை எடுக்க ஏணியில் ஏறியவள் விழுந்து வலது கணுக்கால் முறிந்திருக்கிறது. போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அம்மா ருக்குமணியுடன் வந்திருந்தாள்.

நடைப்பயிற்சிக் கம்பிகளைப் பிடித்து நிற்கவைத்தபோது மயங்கி என் மேலேயே சாய்ந்துவிட்டாள். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா சொன்னார். குளுக்கோஸ் கலந்து கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, புதன்

வெந்நீர் ஒத்தடப் பெட்டி ஒழுகுகிறது. என் வீட்டுக்காரர் தண்டபாணி தென்னை நார் மில்லில் எலக்ட்ரீஷியன். ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் பார்ப்பார். என் பெட்டிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்று தேதி சொல்கிறார்.

கோகிலாவின் கணுக்கால் நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் நிற்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் உட்காரட்டுமா என்கிறாள். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரையிலிருந்து இரவுவரை நின்றவளுக்கு இங்கே இரண்டு நிமிடம் முடியவில்லையாம். அவளுடைய சிகிச்சை அட்டையில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 8, சனி

படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சி எல்லாவற்றையும் சளைக்காமல் செய்கிறாள் இந்தப் பெண். செய்யும்போது வாய் ஓயாது. எந்தச் சேலை துவைத்தால் சாயம் போகும், எந்த மாமியார் எந்த நிறத்தை வேண்டாம் என்பார் என்று சொல்லி, பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டை வலிக்கு வந்திருந்த பெரியவரைக்கூடச் சிரிக்கவைத்துவிட்டாள். எழுந்து நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. முகம் வெளிறுகிறது. இன்று கவனித்தேன், இரண்டு பாதமும் நாவல்பழத் தோல் மாதிரி நிறம் மாறியிருந்தன. முறிந்தது ஒரு கால்தானே.

பிப்ரவரியில் டெங்குக் காய்ச்சல் வந்ததிலிருந்தே இப்படி என்கிறார் ருக்குமணி அம்மா. காலையில் பல் தேய்க்கும்போதே சுவரைப் பிடித்துக்கொள்வாளாம். எங்கெங்கோ காட்டி, ரத்தம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, மனசில் ஏதாவது பயம் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்களாம். கடையில் மேற்பார்வை பார்க்கும் தங்கமுத்து ஒருபடி மேலே போய், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதற்கு மறுநாள்தான் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

ஒரு வேடிக்கை. கோகிலா மறுபடி வெளிறியபோது மூச்சில் கோளாறோ என்று விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது. நாடித் துடிப்பு நூற்று இருபத்து நான்கு. படுக்கவைத்தேன். சிறிது நேரத்தில் எண்பத்திரண்டு. எழுப்பினேன். மறுபடி நூற்று இருபதுக்கு ஓடிவிட்டது.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நானே படுத்து எழுந்து பார்த்தேன். எழுபத்திரண்டு, பிறகு எண்பத்தொன்று. தோள்பட்டைப் பெரியவருக்குப் பார்த்தேன், பத்துகூட ஏறவில்லை. மாடிப்படி இறங்கி இஸ்மாயில் பாயை அவர் கடை பெஞ்சிலேயே படுக்கச் சொன்னேன். மருந்து வாங்க வந்தவர்கள் பாய்க்கு என்ன ஆயிற்று என்று கூடிவிட்டார்கள். அவருக்கும் எட்டுதான் கூடியது. கருவியில் ஒரு குற்றமும் இல்லை.

மதியம் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் பழைய பயிற்சி வகுப்புக் குறிப்புகளைத் தேடினேன். எழுந்து நின்றால் துடிப்பு ஏறுவதைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. என் கையெழுத்துதான். ‘முக்கியம்’ என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

முறைப்படி செய்தேன். பத்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்தேன். துடிப்பு எண்பது, பிரஷர் நூற்றுப் பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு. பிறகு எழுந்து சுவரருகே நிற்கச் சொன்னேன். பின்னால் நாற்காலி. ருக்குமணி அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு நிமிடத்தில் நூற்றெட்டு. மூன்றில் நூற்றுப் பதினாறு. ஐந்தில் நூற்று இருபத்தொன்று. ஏழில் நூற்று இருபத்தாறு. எட்டாவது நிமிடம் கண் இருட்டுகிறது என்றாள். உடனே உட்காரவைத்தேன். பிரஷர் மட்டும் கடைசிவரை இறங்கவே இல்லை.

எழுந்து நின்று பத்து நிமிடத்துக்குள் துடிப்பு முப்பதுக்கு மேல் கூடினால், பிரஷரும் விழாமல் இருந்தால், மாதக்கணக்கில் இப்படியே தொந்தரவும் இருந்தால், இதயநோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்கிறது என் அரைப் பக்கம். நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலை அல்ல. ஆனால் எண்களை அவளிடம் காட்டினேன். காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப நான் நடிக்கலைங்களாக்கா?”

இல்லை கண்ணு என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கும் மூக்கில் ஏதோ தூசி.

ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். மூன்றாம் தேதி அவள் மயங்கியது சாப்பிடாததால் என்று எழுதியிருக்கிறேன். அன்று காலை அவள் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அம்மா பதற்றத்தில் ஏதோ சொல்ல, அது எனக்கு வசதியாகப் போயிற்று. தலை சுற்றுகிறது என்று கோகிலா மூன்று முறை சொன்னாள். நான் மூன்று முறையும், இன்னும் பத்து எண்ணு, அப்புறம் உட்காரலாம் என்றேன். ஏழு எண்ணும்போதுதான் விழுந்தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

கோகிலாவின் அட்டையில் ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்பதை அடித்தேன். பேனா அழுத்தியதில் அட்டை கிழிந்துவிட்டது. புது அட்டை போட்டேன்.

கோயம்புத்தூரில் இதயநோய் பார்க்கும் டாக்டர் ரவூபுக்கு எண்கள் அனைத்தையும் எழுதிக் கடிதம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, புதன்

இருவரும் கோயம்புத்தூர் போய் வந்துவிட்டார்கள். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் டாக்டர் பார்த்திருக்கிறார். படுக்கவைத்து நிமிர்த்துகிற சாய்மேசையில் நிறுத்தியும் சோதித்திருக்கிறார். ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்ததாலும் துடிப்பு கூடியிருக்கலாமே என்று சந்தேகப்பட்டு, காய்ச்சலுக்குப் பிறகு நடந்ததையெல்லாம் மாத வாரியாகக் கேட்டாராம். முடிவாக, நிற்கும்போது இதயம் விரைகிற கோளாறு, ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘பாட்ஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லை. பயிற்சியும் பழக்கமும்தான் முதல் மருந்து, இரண்டு மாதம் பார்த்துவிட்டு மாத்திரையை யோசிக்கலாம் என்று எனக்குத் தனிக் கடிதம்.

ருக்குமணி அம்மா காதில் அது ‘பார்ட்ஸ்’ என்று விழுந்திருக்கிறது. இதயத்தில் ஏதோ பார்ட்ஸ் மாற்ற வேண்டுமாம் என்று பஸ்ஸிலேயே அழுதுவிட்டாராம். உட்காரவைத்து விளக்கினேன். நாம் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும், குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும், இவளுக்கு அது சரியாக நடக்காததால் ஈடுகட்ட இதயம் ஓடுகிறது என்றேன். தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மேட்டு மரத்துக்குத் தண்ணி ஏறலைன்னா மோட்டாரு நிக்காம ஓடுமுங்களே, அது மாதிரிங்களா?”

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு நன்றாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

கோகிலாவுக்கு இன்று கொடுத்தவை: நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். டாக்டர் சொன்ன அளவுக்குக் கூடுதல் உப்பு. வயிறு முட்ட ஒரே வேளையில் உண்ணாமல் பிரித்துச் சாப்பிடுவது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல். இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை. எழுவதற்கு முன் பாதத்தை இருபது முறை ஆட்டி, முஷ்டியை இறுக்கி, சற்று உட்கார்ந்து, பிறகு நிற்பது.

உப்பைச் சேர்க்கச் சொல்லும் வைத்தியத்தை ருக்குமணி அம்மா நம்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் குறைக்கச் சொல்கிறார்களே என்கிறார். எல்லோருக்கும் அல்ல, பிரஷர் இருக்கிற உங்களுக்கு இது ஆகாது, இவளுக்கு மட்டும் என்று இரண்டு முறை சொன்னேன். தோப்பிலிருந்து தினமும் இளநீர் கொண்டுவந்தால் போதாதா என்றார். இளநீரும் குடிக்கட்டும், மோரில் உப்புப் போட்டும் குடிக்கட்டும் என்று சமாதானம் ஆனது.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

காலுறையை மாட்ட அரைமணி நேரம் ஆகிறதாம். மலைப்பாம்பு நம்மை விழுங்குவதற்குப் பதில் நாமே அதன் வாய்க்குள் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் கோகிலா.

ஆகஸ்ட் 29, சனி

படுத்தபடி இடுப்பைத் தூக்குவது பன்னிரண்டு முறை. ரப்பர் பட்டையைக் காலால் உதைப்பது இருபது. சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் ஆறு நிமிடம். நிற்கும் பயிற்சி இல்லை. வேகமாகப் போனால் மறுநாள் படுக்கையில் விழுவாள். அவசரப்படுகிறவள் அவள் அல்ல, நான்தான்.

செப்டம்பர் 2, புதன்

மழை. வந்தது நான்கு பேர்தான். பழைய அட்டைகளை அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அடுக்கவில்லை. ஒரே ஓர் அட்டையைத் தேடினேன் என்பதுதான் உண்மை. ஒரு வாரமாக அந்தப் பெயர் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

ரெபேக்கா, பத்தொன்பது வயது, வாலிபால் ஆடுகிறவள். முழங்காலுக்காக வந்தாள். மூன்று வருடம் முன்பு. நின்றால் படபடக்கிறது, கை நடுங்குகிறது என்பாள். அட்டையில் எழுதியிருக்கிறேன்: ‘மனத்திடம் வேண்டும்.’ ஏழாவது நாளோடு வருகை நின்றிருக்கிறது.

அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். வேறு யாரோ எடுத்தார்.

செப்டம்பர் 4, வெள்ளி

ரெபேக்கா படித்த கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை இடுப்பு வலி என்று என்னிடம் வந்திருக்கிறார். அவர் மூலம் எண் கிடைத்தது. காலை பதினொரு மணிக்கு அழைத்தேன். நான் யார் என்பதை இரண்டு முறை தொடங்கித்தான் சொன்னேன். அவளுக்கு நினைவிருந்தது. போன வருடம் சென்னையில் கண்டுபிடித்தார்களாம். அதே பாட்ஸ்தான். மாத்திரை சாப்பிடுகிறாள், பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறாள், தான் ஆடுவதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

“நிறைய பேர் அப்படித்தான் சொன்னாங்க மேடம். திருப்பிக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்.”

போனை வைத்துவிட்டு இஸ்மாயில் பாய் கடைப் பையனிடம் சொல்லி இரண்டு டீ வாங்கிவரச் செய்து இரண்டையும் நானே குடித்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்

கோகிலா இன்று முதல்முறையாக மூன்று நிமிடம் நின்றுகொண்டு பேசினாள். மூன்று நிமிடமும் வாழைநார்ப் பட்டு என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி.

போகும்போதுதான் சொன்னாள். கடையிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அக்டோபர் ஒன்றாம் தேதி வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளிக்கு வேறு பெண்ணை எடுத்துவிடுவார்களாம். ஐந்து வருடமாக அந்தத் தளத்தில் அதிகச் சேலை விற்றவள் இவள். வேறு கடையில் சேர்ந்தாலும் அங்கேயும் நிற்கத்தானே வேண்டும் என்றாள். எப்போதும் போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கைப்பையின் ஜிப்பை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 17, வியாழன்

கிளினிக்குக்குத் துண்டு தேவைப்பட்டது. அந்த ஜவுளிக்கடைக்குப் போனேன்.

தரைத்தளத்தில் முப்பது பெண்களாவது நிற்கிறார்கள். நம் மாநிலத்தில் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஸ்டூல்களும் இருக்கின்றன, உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக. துண்டு பார்க்கிற சாக்கில் தங்கமுத்துவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது, நெற்றியில் விபூதி, கையில் சேலை அளக்கும் ஸ்கேல். கெட்டவராகத் தெரியவில்லை. அவரும் நாளெல்லாம் நிற்கிறார். கோகிலாவின் பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல பெண்தான், ஆனால் உட்கார்ந்தபடி விற்றால் வாடிக்கையாளர் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், ஒருத்தியை உட்காரவிட்டால் முப்பது பேரும் கேட்பார்கள் என்றார். கேட்டால் கொடுங்களேன் என்றேன். பில் போடச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது மாடியை எட்டிப் பார்த்தேன். கல்யாணப் பட்டு. பெரிய வெள்ளை மெத்தை விரித்து, விற்கிறவரும் வாங்குகிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விற்கிறவர்கள் நான்கு பேரும் ஆண்கள்.

செப்டம்பர் 18, வெள்ளி

மெத்தையைப் பற்றி கோகிலாவிடம் கேட்டேன். அங்கே அனுபவசாலி அண்ணன்மார்தான் உட்கார்வார்கள், பெண்களை இதுவரை ஏற்றியதில்லை என்றாள். அங்கிருக்கும் சேலைகள் தெரியுமா என்றேன். சரக்கு வந்து இறங்கினால் பிரித்து அடுக்குகிறவள் அவள்தானாம்.

செப்டம்பர் 22, செவ்வாய்

கிளினிக்குக்கு மேலும் இரண்டு துண்டு வாங்கினேன். கோகிலாவை மெத்தையில் உட்காரவைக்கலாமே என்று பேச்சை எடுத்தேன். தங்கமுத்து சிரித்தார். முடியாது என்பதற்கு அவ்வளவு மரியாதையான சிரிப்பை நான் பார்த்ததில்லை.

தண்டபாணி வீட்டில் என் துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி மடித்துவைத்தார்.

செப்டம்பர் 30, புதன்

நாளை வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். டாக்டர் கடிதத்தோடு போய்க் கேட்டதில், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று தங்கமுத்து ஒப்புக்கொண்டாராம். அதுவே பெரிசுங்கக்கா என்கிறாள். நின்றபடி செய்ய வேண்டியதையெல்லாம் மறுபடி சொல்லிக் கொடுத்தேன். காலைப் பின்னி நிற்பது, குதிகாலை ஏற்றி இறக்குவது, தொடையை இறுக்குவது. கவுண்டருக்குப் பின்னால் செய்தால் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 1, வியாழன்

மாலை போன் செய்தாள். சமாளித்துவிட்டாளாம். குரலில் தெம்பே இல்லை.

அக்டோபர் 3, சனி

பன்னிரண்டு மணிக்கு ருக்குமணி அம்மாவிடமிருந்து போன். கடையில் கூட்டம், உட்கார வேண்டிய இரண்டு ஐந்து நிமிடமும் கிடைக்கவில்லை, மயங்கிவிட்டாள், தனக்கே அரைமணி கழித்துத்தான் சொன்னார்கள் என்றார். கிளினிக்கைத் தோள்பட்டைப் பெரியவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். அவர் நோயாளி என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

போய்ச் சேர்வதற்குள் நடந்து முடிந்திருந்தது. இது நான் அங்கே நான்கு பேரிடம் கேட்டுச் சேர்த்தது.

மயங்கியவளைப் படுக்கவைக்கக் கீழே இடம் இல்லை. கடையில் மெத்தை இருப்பது இரண்டாவது மாடியில்தான். லிப்டில் ஏற்றிக் கொண்டுபோய் மெத்தையின் ஓரத்தில் கிடத்தியிருக்கிறார்கள். கூட வந்த பெண்ணிடம் கோகிலாவே சொல்லி, காலடியில் சேலைக் கட்டுகளை அடுக்கிக் காலை உயர்த்திவைத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். ஐந்து நிமிடத்தில் துடிப்பு இறங்கிவிட்டது. எழுந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால் படுத்தே இருந்திருக்கிறாள்.

மெத்தையின் மறுபக்கத்தில் உடுமலையிலிருந்து வந்த கல்யாணக் குடும்பம் பதினொரு பேர். ஒன்றரை மணி நேரமாக எந்தச் சேலையும் மணப்பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் அழுகிற நிலையில் இருந்தாளாம். விற்றுக்கொண்டிருந்தவருக்கும் பொறுமை போய்விட்டது. அப்போது ஓரத்திலிருந்து, காலைத் தூக்கிப் போட்டுப் படுத்தபடியே கோகிலா சொன்னாள்:

“அண்ணா, மூணாவது அடுக்குல கடைசியில பாருங்க. மாம்பழ மஞ்ச உடம்பு, அரக்குக் கரை. அது இந்தப் புள்ளைக்குத்தான் வந்திருக்குது.”

எடுத்துப் பிரித்தார்கள். மணப்பெண் தோளில் போட்டுப் பார்த்தாள். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தியது அந்தக் கடையில் முதல்முறை என்றார் பில் போடுகிறவர். அதன் பிறகு நாத்தனாருக்கு என்ன, சித்திக்கு என்ன என்று அந்தக் குடும்பமே படுத்திருந்தவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அவள் படுத்தபடி விரல் நீட்ட, அண்ணன் எடுத்துப் போட, ஒன்பது சேலை. தங்கமுத்து நடுவில் வந்து பார்த்து, ஸ்கேலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறார்.

நான் மூச்சு வாங்க மேலே போனபோது ஒன்பதாவது சேலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோகிலா என்னைப் பார்த்து, இப்போது எழுந்திருக்கட்டுமா என்று கேட்டாள். முதலில் காலை ஆட்டு என்றேன்.

அக்டோபர் 5, திங்கள்

வெந்நீர்ப் பெட்டி இன்னும் ஒழுகுகிறது. ஒன்பது ஞாயிறு போய்விட்டது.

தங்கமுத்து கிளினிக்குக்கே வந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் அவளுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்டார். ஒரேயடியாக உட்காரவும் கூடாது, அரைமணிக்கு ஒருமுறை பத்தடி நடக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும், மாடிக்கு லிப்ட், மதியம் கால்மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வேண்டும் என்றேன். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தீபாவளிவரை மெத்தையில் உட்காரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

படியிறங்கப் போனவர் திரும்பினார்.

“நடிக்கறான்னு சொல்லிப்போட்டனுங்க. அதை அந்தப் புள்ளைகிட்ட எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியலைங்க.”

சொன்ன இடத்தில், அதே பத்துப் பேர் முன்னால் சொல்லிவிடுங்கள் என்றேன். நான் ஒருத்திக்கு மூன்று வருடம் தாமதமாகச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 7, புதன்

சொல்லிவிட்டாராம். கோகிலா எங்கே பார்ப்பது என்று தெரியாமல், பரவாயில்லைங்கண்ணா என்று சொல்லிவிட்டு இருபது சேலையை மறுபடி மடித்தாளாம்.

அக்டோபர் 16, வெள்ளி

இரண்டு நாள் மோசம். மாதவிலக்கு நாட்களில் கூடுகிறது. பாதி நாள் படுத்தே இருந்தாள். இன்று கிளினிக்குக்கு வந்தவள், இனி அவ்வளவுதான் போலிருக்கிறது என்றாள். சரிவு வரும், போகும், பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள், நிறுத்தாதே என்றேன். இதைச் சொல்லும்போது அவள் கட்டில் ஓரத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். வேறு மூன்று பேர் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 24, சனி

சைக்கிள் இருபது நிமிடம். கணுக்காலுக்கு இனி என்னிடம் வேலை இல்லை.

மறுபடி அதே சோதனை. படுத்திருக்கையில் எழுபத்தெட்டு. நின்றபின் ஒரு நிமிடத்தில் தொண்ணூற்றாறு, ஐந்தில் நூற்றைந்து, பத்தில் நூற்றுப் பதினொன்று. முப்பத்து மூன்று கூடுகிறது. குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஆனால் பத்து நிமிடமும் முழுதாக நின்றாள். நின்றுகொண்டே என் சேலையைப் பார்த்து, இந்த நிறம் உங்களுக்கு எடுபடவில்லை என்றாள். டாக்டர் ரவூபுக்கு எண்களை அனுப்பினேன். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இப்படியே போகட்டும் என்று பதில்.

ருக்குமணி அம்மா ஒரு குலை இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். இஸ்மாயில் பாய்க்கு இரண்டு கொடுத்தேன். பெஞ்சில் படுத்ததற்கு.

நவம்பர் 1, ஞாயிறு

அடுத்த ஞாயிறு தீபாவளி. தண்டபாணியை அழைத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். துண்டு வாங்க அல்ல. இந்த முறை அவரே, சேலை எடுத்துக்கொள், வீட்டில் துண்டு வைக்க இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது மாடியில் கால் வைக்க இடம் இல்லை. மெத்தையின் நடுவில் கோகிலா. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மோர் பாட்டில். எங்களைப் பார்த்ததும் கையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவள் எதிரே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. பருத்த உடம்பு, கெட்டிச் சங்கிலி, எடுத்ததையெல்லாம் ஒதுக்குகிற கை. மயில் கழுத்து நிறத்தில் ஒன்றைப் பிரித்ததும் அந்த அம்மா, எழுந்து நின்று தோளில் போட்டுக் காட்டு என்றார்.

கோகிலா பாதத்தை ஆட்டினாள். முஷ்டியை இறுக்கினாள். இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். நின்று, சேலையைத் தோளில் போட்டு முந்தானையை விரித்துக் காட்டினாள். கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். தண்டபாணி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அந்த அம்மா முன்னே பார்த்தார், திரும்பச் சொன்னார், கரையைப் பார்த்தார், மகளுக்குப் போன் செய்தார். நான்கு நிமிடமாவது ஆகியிருக்கும். ஓரத்தில் தங்கமுத்து நின்றிருந்தார். கோகிலாவின் உதடு வெளுக்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. எத்தனை முறை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள், விழும்வரை. நான் ஓரடி முன்னே வைத்தேன். அதற்குள் அவளே, சேலை விலை சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னாள்:

“நின்னா எனக்கு நெஞ்சு ஓடுமுங்க. நான் உக்காந்துக்கறேன், நீங்க பொறுமையாப் பாருங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தங்கமுத்து மோர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். முகத்தில் என்ன வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன கண்ணு. எனக்கும்தான் முட்டி நிக்க உடமாட்டேங்குது” என்று அவரும் மெத்தையில் அவள் பக்கத்திலேயே மெல்ல இறங்கி உட்கார்ந்தார். மயில் கழுத்து முடிந்தது. அடுத்ததைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துக்கொண்டே, எங்கே வைத்தியம் பார்க்கிறாய் என்று கேட்டார். கோகிலா கூட்டத்துக்கு நடுவே என்னை நோக்கி விரல் நீட்டினாள்.

வாரத்தில் எனக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாள். பட்டுச் சேலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு அந்த அம்மாவின் முட்டியைப் பார்க்க உட்கார்ந்தேன். கை வைப்பதற்கு முன் எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். முட்டியில் தொடங்கினார். மாடிப்படி, மருமகள், போன வருடம் வந்த காய்ச்சல், காலையில் எழுந்தால் வருகிற கிறுகிறுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. தண்டபாணி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.